ஹார்ட்நாட் கோட்டைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

ஆயர் ஈத்தாம் அக்கா (பினாங்கு):

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் மூத்தவள் இங்கிலாந்தில் லங்காஸ்டரில் படிக்கிறாள். ஜூன் மாதம் நான், வீட்டுக்காரர், சின்னவன், என் அம்மா நான்கு பேரும் அவளைப் பார்க்கப் போகிறோம். சின்னவனுக்குப் பதினோரு வயது. ரோமானியர்கள் என்றால் போதும், அவனுக்குச் சாப்பாடு தண்ணீர் வேண்டாம். ஹார்ட்நாட் என்று ஒரு மலைக்கோட்டையை ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு, அங்கே போகாவிட்டால் பயணமே வேண்டாம் என்று ஒரே பிடி. சதுரமாகச் சுவர், சுற்றிலும் மலை, உள்ளே ஆடு மேய்கிறது. பார்த்தால் எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது.

அதே வீடியோவில் அந்த ரோட்டையும் காட்டிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் தினமும் பாலேக் பூலாவ் வளைவுகளில் வேலைக்குப் போய் வருகிறவர். அவரே பார்த்துவிட்டு, "வேண்டுமானால் நீ ஓட்டு, நான் பின்னால் உட்கார்ந்து கந்த சஷ்டி கவசம் சொல்கிறேன்" என்கிறார்.

அம்மாவுக்கு 74 வயது, முட்டி வலி. சமதரையில் நன்றாக நடப்பார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் படி ஏறுவதை மட்டும் விட்டுவிட்டார். "பேத்தி ரூமில் என்னை உட்கார வைக்கவா அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போகிறாய்?" என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார்.

அந்த ரோட்டில் நிஜமாகவே ஓட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மேலே போனால் பார்க்க ஏதாவது இருக்கிறதா, இல்லை வெறும் கல் குவியலா? வேறு நல்ல ரோமானியக் கோட்டை இருந்தாலும் சொல்லுங்கள், பையனிடம் பேசிப் பார்க்கிறேன்.

செந்தூல் ரோட்டுக்காரர் (கோலாலம்பூர்):

அக்கா, நான் சாலை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். சரிவு, வடிகால், வளைவு, இதிலேயே காலம் போனது. அதனால் நான் சொல்வது கொஞ்சம் அந்தப் பக்கமாகத்தான் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மனைவி, மாமியாரோடு ஹார்ட்நாட் போயிருக்கிறேன். காடியை நான்தான் ஓட்டினேன்.

ரோட்டைப் பற்றி உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவதில் தப்பே இல்லை. அந்த ரோடு ஏறி இறங்குகிற ஹார்ட்நாட் கணவாயின் மோசமான இடங்களில் சரிவு மூன்றுக்கு ஒன்று. அதாவது மூன்று மீட்டர் முன்னால் போனால் ஒரு மீட்டர் மேலே ஏறியிருப்பீர்கள். சதவீதத்தில் சொன்னால் 33. நம் நாட்டில் 10 சதவீதம் வந்தாலே லாரிக்காரர்களுக்கு எச்சரிக்கைப் பலகை நட்டுவிடுவோம். அகலமும் ஒரு காடிக்குத்தான். எதிரே இன்னொன்று வந்தால், யாராவது ஒருவர் பின்னால் எடுத்து ஒதுங்கும் இடத்தில் நிற்க வேண்டும். ஏறி வருகிறவருக்கு இறங்குகிறவர் வழிவிடுவது அங்கே முறை.

வீடியோக்காரர்கள் ஒரு விஷயத்தைச் சொல்வதில்லை. கோட்டை கணவாயின் உச்சியில் இல்லை. உச்சி 393 மீட்டர். கோட்டை அதற்கு மேற்கே, கீழே இறங்கி, 250 மீட்டர் வாக்கில், எஸ்க்டேல் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருக்கிறது. வீடியோ எடுக்கிற ஆட்கள் கிழக்கே ஆம்பிள்சைடிலிருந்து கிளம்பி, ரைனோஸ் கணவாய், ஹார்ட்நாட் கணவாய் இரண்டையும் தாண்டி வருகிறார்கள். அப்படி வந்தால்தானே படம் பரபரப்பாக இருக்கும். நீங்கள் மேற்கே கடற்கரைப் பக்கம் போய், எஸ்க்டேல் வழியாக ஏறுங்கள். அந்த உச்சி வளைவுகள் எதுவும் குறுக்கே வராது. கடைசியில் கொஞ்சம் செங்குத்து உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கேமரன் மலைக்குப் பழைய தாப்பா ரோட்டில் போய் வந்த கைக்கு அது பெரிய விஷயம் இல்லை. கோட்டைக்குக் கீழே ரோட்டோரமாகச் சில காடிகள் நிற்க இடம் இருக்கிறது. பார்த்து முடித்ததும் வந்த வழியே திரும்பிவிடுங்கள். கைப்பேசி வரைபடம் "இதைவிடக் குறுக்கு வழி இருக்கிறது" என்று கணவாய்க்கு மேலே தள்ளப் பார்க்கும். அதன் பேச்சைக் கேட்காதீர்கள்.

அடுத்தது உங்கள் அம்மா. ரோட்டிலிருந்து ஏறினால் முதலில் வருவது கோட்டை இல்லை, குளியல் கூடம். நெருப்பு எரிகிற கட்டடம் என்பதால் அதைச் சுவருக்கு வெளியே கட்டியிருக்கிறார்கள். குளிர்ந்த அறை, வெதுவெதுப்பான அறை, சூடான அறை என்று மூன்றும் ஒரே வரிசையில். பக்கத்தில் தனியாக வட்டமாக ஒரு சின்ன அறை, வியர்வை எடுக்க. அது வரை புல் தரைதான், மெதுவாக நடந்தால் அம்மா வந்துவிடுவார். என் மாமியார் அதற்கு மேல் வரமாட்டேன் என்று மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் அந்த வட்ட அறையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்தக் குளிரில் இவனுங்க எதுக்குத் தினமும் குளிக்கணும்?" என்று கேட்டார். தரைக்கு அடியில் சூடான காற்றை ஓட விடுவார்கள் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். "அப்போ விறகு யார் வெட்டினது?" என்று அடுத்த கேள்வி வந்தது. சுற்றிப் பார்த்தால் இன்று கண்ணுக்கு எட்டிய வரை விறகுக்கு ஆகிற மாதிரி காடு கிடையாது. நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

குளியல் கூடத்துக்கு மேலே கொஞ்சம் ஏற்றம், அப்புறம் கோட்டை வாசல். "வெறும் கல் குவியலா?" என்று கேட்டீர்கள். இல்லை. சுற்றுச்சுவர் நாலு பக்கமும் தெளிவாக நிற்கிறது, பக்கத்துக்கு 110 மீட்டருக்குக் கொஞ்சம் கூட. நாலு மூலையும் கூர்மையாக இல்லாமல் வளைந்திருக்கும், மூலைக்கு ஒரு கோபுரத்தின் அடித்தளம். பையனிடம் ஒரு வேலை கொடுங்கள். சுவரில் படுக்கை வசமாக ஒரு வரி மெல்லிய பலகைக்கல் பதித்திருப்பார்கள், அதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அந்த வரிக்குக் கீழே இருப்பதெல்லாம் ரோமானியர் வைத்த இடத்திலேயே இருக்கும் கல். மேலே இருப்பது கீழே விழுந்து கிடந்த கல்லை எடுத்து நம் காலத்தில் திரும்ப அடுக்கியது. எது பழசு, எது நாங்கள் செய்தது என்று சுவரிலேயே எழுதி வைத்த மாதிரி. பழைய கட்டடத்தைப் பழுது பார்க்கிற எல்லோரும் இந்த நேர்மையைக் கற்றுக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. நம் ஊரில் சிமெண்டைக் குழைத்து அப்பிவிட்டு, மேலே வெள்ளை அடித்துவிடுவார்கள்.

உள்ளே நடுவில் மூன்று கட்டடங்கள்: தானியக் கிடங்கு, தலைமை அலுவலகம், தளபதி வீடு. கிடங்கின் வெளிச்சுவரில் முட்டுக்கொடுத்துக் கட்டியிருப்பதைக் கவனியுங்கள். தானியத்தின் எடை சுவரை வெளியே தள்ளும், அதற்குத்தான். வீரர்கள் தங்கிய வீடுகள் மரம், அதனால் ஒன்றும் மிச்சம் இல்லை, வெறும் புல். மரக்கட்டடம் இருந்த இடத்தைப் பையன் மனதில்தான் கட்டிக்கொள்ள வேண்டும்.

இதைக் கட்டியது ரோமானியப் பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், அவர் ஆட்சி கி.பி. 117 முதல் 138 வரை. வாசலில் கிடைத்த கல்வெட்டுத் துண்டில் அவர் பெயரும் டல்மேஷியர்களின் நாலாவது படைப்பிரிவின் பெயரும் இருக்கின்றன. டல்மேஷியா என்பது இன்றைய குரோஷியா கடற்கரைப் பக்கம். வெயிலில் வளர்ந்த பையன்களைக் கொண்டுவந்து இந்த மழையில் நிறுத்தியிருக்கிறார்கள். நாட்டை விட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட ஆட்கள் கதை நமக்கு ஒன்றும் புதிதில்லை.

எனக்கு அங்கே பிடித்தது கோட்டைகூட இல்லை. வடகிழக்கு வாசல் வழியாக வெளியே போய்க் கொஞ்சம் மேலே ஏறினால் ஒரு மைதானம் வரும். சும்மா பார்த்தால் புல்வெளி. ஆனால் அந்த மலையில் எங்கேயும் அவ்வளவு சமமான தரை இருக்க வழியில்லை. ஒரு பக்கம் வெட்டி, மறு பக்கம் நிரப்பி, கையாலேயே சமப்படுத்திய அணிவகுப்பு மைதானம் அது. புல்டோசர் இல்லாமல் மண்வெட்டியும் கூடையுமாகச் செய்த வேலை. கோட்டைக்குள்ளே தரை சரிவாகத்தான் இருக்கிறது, பாறை கூடத் துருத்திக்கொண்டு நிற்கிறது. தூங்குகிற இடம் எப்படி இருந்தால் என்ன, பயிற்சி செய்கிற இடம் சமமாக இருக்க வேண்டும் என்று எந்த அதிகாரி சொன்னானோ! எல்லாத் துறையிலும் அப்படி ஒருவன் இருப்பான்.

அப்புறம் வடமேற்குச் சுவருக்கு வாருங்கள். அந்தப் பக்கமும் ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள், வெளியே கால் வைத்தால் பள்ளத்தாக்கு. வரைபடத்தில் நாலு வாசல், அதனால் தரையிலும் நாலு வாசல். அங்கே நின்று கீழே பார்த்தால் எஸ்க்டேல் முழுவதும் கடல் பக்கமாக நீண்டு கிடக்கும். வடக்கே ஸ்காஃபெல் மலைகள். அந்தத் தொடரில்தான் இங்கிலாந்தின் உயரமான சிகரம் இருக்கிறது, 978 மீட்டர். மேற்கே ராவென்கிளாஸ் துறையில் இருந்து கிழக்கே ஆம்பிள்சைடு வரை அவர்கள் போட்ட சாலைக்கு இந்தக் கோட்டை காவல். கையில் இந்தக் கணவாய் இருந்தால் ஒரு வண்டி கூட உங்களுக்குத் தெரியாமல் தாண்ட முடியாது. புத்தகத்தில் எத்தனை பக்கம் படித்தாலும், அங்கே நின்ற பிறகுதான் அது எனக்குப் புரிந்தது.

கட்டணம் கிடையாது, கதவு கிடையாது, கடை கிடையாது, கழிவறையும் கிடையாது. கடைசியாகச் சொன்னதை அம்மாவுக்காக நினைவில் வையுங்கள். கீழே கிராமத்திலேயே போய்விட்டு வாருங்கள். சாப்பாடும் கட்டிக்கொண்டு போங்கள். மழைச்சட்டை ஜூனிலும் வேண்டும். அந்த மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் சீத்வெயிட் என்று ஒரு ஊர், வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். நம் மழை போல ஒரு மணி நேரம் அடித்துவிட்டு ஓயாது, பொடிப் பொடியாக நாள் முழுக்கத் தூறும்.

கெப்போங் 52100 (கோலாலம்பூர்):

கல்லைப் பார்க்க 14 மணி நேரம் பறக்க வேண்டுமா அக்கா? பினாங்குப் பாலத்தைத் தாண்டி கடாவுக்கு ஓட்டினால் பூஜாங் பள்ளத்தாக்கு. மெர்போக்கில் புக்கிட் பத்து பகாட் கோயில் அடித்தளம் இருக்கிறது, அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்திலேயே சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகள். கடாரம் என்று பெருமை பேசுகிறோம், எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்?

செந்தூல் ரோட்டுக்காரர்:

தம்பி, மகளைப் பார்க்கப் போகிறார், கல்லுக்காக இல்லை. ஆனால் நீங்கள் சொல்வது நியாயம்தான். போவதற்கு முன்னால் பையனுக்கு மெர்போக்கைக் காட்டிவிடுங்கள் அக்கா. அங்கேயும் மேலே இருந்த மரமும் கூரையும் போய், கல் அடித்தளம் மட்டும் நிற்கிறது. அதே பள்ளத்தாக்கில் ஒரு பழைய கோயில் அடித்தளத்தை 2013ல் மண்வாரி இயந்திரத்தால் இடித்துத் தள்ளிவிட்டார்கள். மிச்சம் இருப்பது இருக்கும்போதே பார்க்க வேண்டும்.

பங்சார் வாசகி (கோலாலம்பூர்):

நான் நியூகாசிலில் படித்தவள், அதனால் ஹாட்ரியன் சுவர் கட்சி, அதாவது வட இங்கிலாந்தின் குறுக்கே ரோமானியர் கட்டிய நீளச் சுவர். ரோடு அங்கிள் மன்னிக்கவும், ஆனால் பதினோரு வயதுப் பையனுக்கு ஹார்ட்நாட்டை விட ஹவுஸ்டெட்ஸ் பிடிக்கும். லங்காஸ்டரிலிருந்து நெடுஞ்சாலையில் கார்லைல் போய், அங்கிருந்து கிழக்கே திரும்ப வேண்டும். ஏறக்குறைய 2 மணி நேரம். பயப்படுகிற மாதிரி ரோடு எதுவும் இல்லை.

இது ஹாட்ரியன் சுவரோடு ஒட்டிக்கட்டிய கோட்டை, பாறை முகட்டின் மேலே. சுவர் வேலை கி.பி. 122ல் தொடங்கியது. கோட்டையும் அதை ஒட்டி வந்ததுதான். இங்கே வீரர்கள் தங்கிய வீடுகளின் கல் அடித்தளம் அப்படியே இருக்கிறது. நான் தோட்டத்தில் பிறந்தவள், பார்த்தவுடனே எங்கள் லயம்தான் ஞாபகம் வந்தது. ஒரே நீளக் கட்டடம், வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், ஒரு கோடியில் மட்டும் அதிகாரிக்குப் பெரிய வீடு. எங்கள் லயத்தில் அந்தக் கோடி கங்காணிக்கு.

அப்புறம் கழிவறை. பையன் வீட்டுக்கு வந்து பேசப்போவது அதைப் பற்றித்தான், எழுதித் தருகிறேன். தென்கிழக்கு மூலையில், கோட்டையின் தாழ்ந்த இடத்தில் கட்டியிருக்கிறார்கள், எல்லாத் தண்ணீரும் ஓடி வந்து அங்கேதான் சேரும். இரண்டு பக்கமும் ஆழமான கால்வாய். மேலே பலகை போட்டு வரிசையாக உட்காருவார்கள், மறைப்பு எதுவும் கிடையாது. நடுத்தரையில் சின்ன வாய்க்கால், கழுவுவதற்கு. மலை மேல் ஊற்று இல்லை என்பதால் மழைத்தண்ணீரைக் கல் தொட்டிகளில் பிடித்து வைத்திருக்கிறார்கள். தொட்டிப் பலகைகளின் மூட்டு இன்னும் தெரியும். வடிகால் பிடிக்கும் என்று சொல்கிற அங்கிள் இதைப் பார்க்காமல் வந்துவிட்டாரா?

மூன்றாம் நூற்றாண்டில் இங்கே இருந்தது துங்ரியர்களின் முதல் படைப்பிரிவு, சுமார் 800 பேர், இன்றைய பெல்ஜியம் பக்கத்து ஆட்கள். கோட்டைக்கு வெளியே ஒரு சின்ன ஊரே இருந்திருக்கிறது. அதில் ஒரு வீட்டின் தரையைத் தோண்டியபோது இரண்டு எலும்புக்கூடுகள். ஒன்றின் விலா எலும்பில் கத்தி முனை முறிந்து நின்றது. கொன்று, புதைத்து, மேலே புதுத்தரை போட்டுவிட்டார்கள். 1,700 வருஷமாகக் குற்றவாளி அகப்படவில்லை.

அம்மாவுக்கு ஒரு எச்சரிக்கை: கார் நிறுத்தும் இடத்திலிருந்து கோட்டைக்கு மேட்டில் கால் மணி நேர நடை. முட்டி வலிக்கு அது கொஞ்சம் அதிகம். அதற்குப் பதில் அருகிலேயே விண்டோலாண்டா இருக்கிறது. டிக்கெட் தனி. சுவர் கட்டுவதற்கு முன்பே இருந்த கோட்டை. ஈர மண்ணில் மெல்லிய மரத்தகடுகளில் மையால் எழுதிய கடிதங்கள் கிடைத்தன, 1973ல் முதல் தகடு. தளபதியின் மனைவி லெபிடினாவுக்கு அவள் தோழி செவெரா எழுதிய பிறந்தநாள் அழைப்பு ஒன்று. கடைசி வரிகள் அவள் சொந்தக் கையெழுத்து. அந்தக் காலத்து ஒரு பெண் லத்தீனில் எழுதியது இவ்வளவு பழசாகக் கிடைப்பது அபூர்வம். இன்னொரு தகடு கடன் கணக்கு. அதில் ஒரு வீரன் மிளகு வாங்கி இரண்டு தினாரியஸ், அதாவது இரண்டு ரோமானிய வெள்ளிக்காசு, கணக்கில் ஏற்றியிருக்கிறான். அந்த மிளகு வேறு எங்கிருந்து போயிருக்கும்? முசிறித் துறையில் யவனர் கப்பலில் ஏற்றிய சரக்கு, செங்கடல், எகிப்து, ரோம் எல்லாம் தாண்டி, கடைசியில் ஸ்காட்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் யாரோ ஒருத்தனின் கஞ்சியில்! பெரும்பாலான தகடுகள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில், சில மட்டும் அங்கேயே பார்வைக்கு. பொருட்கள் கூடத்துக்குள்ளே இருக்கின்றன, அம்மா நிழலில் உட்கார்ந்து பார்க்கலாம். சிற்றுண்டிக் கடையும் உண்டு.

ஆயர் ஈத்தாம் அக்கா:

அண்ணே, தங்கச்சி, இரண்டு பேருக்கும் நன்றி. எலும்புக்கூட்டை மட்டும் பையனிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் இரண்டுக்கும் போக வேண்டும் என்பான். வீட்டுக்காரர் மேற்கு வழியைக் கேட்டதும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார். ஆனால் எஸ்க்டேலுக்குள் ஒரு பொம்மை ரயில் ஓடுவதாக மகள் சொல்கிறாள். காடியே இல்லாமல் ஹார்ட்நாட் போக முடியுமா? அப்படியே காடி எடுத்தாலும், நம் லைசென்ஸ் போதுமா?

செந்தூல் ரோட்டுக்காரர்:

தங்கச்சி, அந்தக் கழிவறையைப் பார்க்காதது என் மனைவி போட்ட தடை. இனி அடுத்த பயணத்தில்தான்.

அக்கா, அந்த ரயில் பொம்மை மாதிரி இருந்தாலும் நிஜ ரயில்தான். 1875ல் இரும்புத்தாது இறக்கப் போட்ட பாதை. இப்போது தண்டவாள அகலம் 15 அங்குலம், நீராவி எஞ்சின். ராவென்கிளாஸிலிருந்து டால்கார்த் வரை 7 மைல், 40 நிமிடம். லங்காஸ்டரிலிருந்து பாரோ போய், கடலோர ரயிலில் ராவென்கிளாஸில் இறங்கலாம். கடல் முகத்துவாரங்களின் மேல் பாலத்தில் ரயில் போகும், அம்மாவை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். மொத்தம் சுமார் 2 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை வண்டி குறைவு, வேறு நாள் பாருங்கள். டால்கார்த்திலிருந்து கோட்டைக்கு ரோட்டில் 3 மைல் நடை, கடைசிப் பகுதி நல்ல ஏற்றம். அப்பாவும் பையனும் நடக்கட்டும். நீங்களும் அம்மாவும் மகளும் ஸ்டேஷன் சிற்றுண்டிக் கடையில் பசியாறிக்கொண்டு இருங்கள். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், நடப்பவர்களுக்கு அவசரம் இல்லை. ஆனால் கடைசி ரயில் அதற்கு முன்பே போய்விடும், திரும்பும் நேரத்தைக் கையில் எழுதிக் கொடுங்கள். ராவென்கிளாஸிலேயே ரோமானியக் குளியல் கூடம் ஒன்று உண்டு, சுவர் ஆள் உயரத்துக்கு மேல் அப்படியே நிற்கிறது. ஸ்டேஷனிலிருந்து சமதரை நடை. அம்மாவை அங்கே கட்டாயம் கூட்டிப் போங்கள்.

அம்மா மலையேறிக் கோட்டைப் பக்கம் வந்தே தீருவேன் என்றால் காடிதான். நம் லைசென்ஸோடு சுற்றுலாப் பயணியாக 12 மாதம் வரை ஓட்டலாம், ரோட்டில் நம்மைப் போல இடது பக்கம்தான். வாடகைக் கடையில் ஆட்டோ கியர் வேண்டும் என்று முன்பே சொல்லிப் பதிவு செய்யுங்கள், சொல்லாவிட்டால் கியர் போடும் வண்டியைத் தள்ளிவிடுவார்கள். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் தாழ்ந்த கியரில் விடச் சொல்லுங்கள். சின்னக் காடியாக எடுங்கள். ஐந்து பேர், பெட்டிகள் என்று பெரிய வண்டி எடுத்தால் அந்த ரோட்டில் ஒதுங்க இடம் கிடைக்காது. பெட்டிகளை மகள் ரூமிலேயே விட்டுவிட்டுப் போகலாம்.

இன்னொன்று. விசா வேண்டாம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். 2025 ஜனவரியிலிருந்து மலேசியர்கள் விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே இணையத்தில் பயண அனுமதி வாங்க வேண்டும். பையனுக்கும் தனியாக, அம்மாவுக்கும் தனியாக. அம்மாவின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பதாக இருந்தால் அதை முதலில் செய்துவிடுங்கள், அனுமதி பாஸ்போர்ட் எண்ணோடு ஒட்டியது.